டேப்லெட்டில் பாடக் கோப்புகள்: அனுப்புவது, படிப்பது, குறிப்புகளை இழக்காமல் வைத்திருப்பது

கணினியில் சேர்த்து வைத்துள்ள பாடநூல்களையும் விரிவுரைக் குறிப்புகளையும் பத்து அங்குல டேப்லெட்டுக்கு மாற்றிப் படிக்க விரும்புகிறீர்கள். கோப்புகளை அனுப்ப எது நல்ல வழி என்று தெரியவில்லை, பிடிஎஃப் பக்கங்களில் எழுத்து மிகச் சிறிதாகத் தெரிகிறது, தமிழ்க் கோப்புகளில் சொல்லைத் தேடினால் அகப்படுவதில்லை, டேப்லெட்டில் இட்ட அடிக்கோடுகள் கணினியில் காணப்படுவதில்லை என்று நான்கு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நான்குக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஆயினும் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கோப்பை அனுப்புவது ஒரு நிமிட வேலை. அதில் மாதக்கணக்கில் நீங்கள் எழுதிச் சேர்க்கும் குறிப்புகளோ தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை.

குறிப்புகள் தொலைவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரே பாடத்துக்குப் பல பிரதிகள் உருவாகிவிடுவதுதான். மின்னஞ்சலில் வந்த கோப்பைக் கணினியில் இறக்குகிறோம். அது ஒரு பிரதி. அதே மின்னஞ்சலை டேப்லெட்டில் திறந்து கோப்பைத் தொடுகிறோம். அது பதிவிறக்கக் கோப்புறையில் இரண்டாவது பிரதியாகிறது. அங்கிருந்து குறிப்பெழுதும் செயலிக்குப் 'பகிர்' என்று கொடுத்தால், பல செயலிகள் மூலக் கோப்பைத் திறக்காமல் அதை நகலெடுத்துத் தம் சொந்த இடத்தில் வைத்துக்கொள்கின்றன; அது மூன்றாவது. நீங்கள் கோடிட்டது மூன்றாவதில், கணினியில் திறந்து பார்ப்பது முதலாவதை. இந்த நிலையில் எந்தச் செயலியை மாற்றினாலும் குறை தீராது.

ஆகவே கணினியில் படிப்புக்கென்று ஒரே ஒரு கோப்புறையை வைத்துக்கொண்டு, அதற்குள் பாடவாரியாகப் பிரித்து, அந்தக் கோப்புறையே டேப்லெட்டிலும் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளுக்குப் பெயரிடும்போது வரிசை எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கங்களில் முன்னால் இடுங்கள். ஒற்றை இலக்கமாக இட்டால் சில செயலிகளில் 10-ஆம் பாடம் 2-ஆம் பாடத்துக்கு முன்னால் வந்து நிற்கும். தேதியிட வேண்டிய விரிவுரைக் குறிப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் அவை தாமாகவே காலவரிசையில் அடுக்கப்படும்.

படிக்கும் செயலி கோப்பை எங்கே வைக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒவ்வொரு செயலிக்கும் உரிய தனிக் கோப்புறைக்குள் மற்ற செயலிகள் நுழைய முடியாது. அந்த இடத்தில் உங்கள் கோப்பு இருந்தால், செயலியை நீக்கும்போது கோப்பும் சேர்ந்தே போய்விடும். ஐபேடிலும் 'என் ஐபேடில்' என்ற பகுதியில் செயலியின் பெயரிலுள்ள கோப்புறை, அந்தச் செயலியை அழித்தால் அதனோடு அழிந்துவிடும். இடம் போதவில்லை என்று பயன்படாததுபோல் தோன்றும் ஒரு செயலியை நீக்கி, அதோடு ஒரு பருவத்தின் குறிப்புகளையும் இழப்பது இப்படித்தான் நேர்கிறது. ஆண்ட்ராய்டில் 'ஆவணங்கள்' போன்ற பொதுக் கோப்புறையிலும், ஐபேடில் மேகச் சேமிப்பிலோ (இணையவழிச் சேமிப்பு) நீங்களே உருவாக்கிய தனிக் கோப்புறையிலோ கோப்பு இருக்க வேண்டும். செயலி அதை அங்கேயே திறந்து அங்கேயே சேமிக்க வேண்டும்.

இனி அனுப்பும் வழிகள். நூற்றுக்கணக்கான கோப்புகளை முதன்முறையாக ஏற்றும்போது கேபிளே சிறந்தது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டைக் கணினியோடு இணைத்தவுடன் அது சார்ஜ் ஏறும் நிலையில் மட்டுமே இருக்கும். மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் யூஎஸ்பி அமைப்பைத் தொட்டு, 'கோப்பு மாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கணினியில் டேப்லெட் தெரியும். அப்போதும் தெரியவில்லை என்றால் கேபிளையே சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படும், தரவுக் கம்பிகளே இல்லாத கேபிள்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. விண்டோஸ் கணினி டேப்லெட்டைத் தானாகவே அறிந்துகொள்ளும்; மேக் கணினிக்கு இந்த இணைப்பு முறை தெரியாது, அதற்கென்று தனிச் செயலி வேண்டும். ஐபேடுக்கு மேக் கணினியில் ஃபைண்டர் வழியாக, ஒவ்வொரு செயலியின் கோப்புறைக்கும் நேரடியாகக் கோப்புகளை இழுத்து விடலாம்.

எம்டிபி எனப்படும் இந்த ஆண்ட்ராய்டு இணைப்பைப் பென்டிரைவ் போல எண்ணிவிடக் கூடாது. டேப்லெட்டிலுள்ள கோப்பைக் கணினியிலிருந்தே திறந்து, திருத்தி, சேமிப்பது இதில் நம்பத்தகுந்த முறையன்று. முதலில் கணினிக்கு நகலெடுத்து, வேலை முடிந்ததும் மீண்டும் அனுப்ப வேண்டும். நகலெடுக்கும் நடுவில் கேபிள் கழன்றால் அரைகுறைக் கோப்பு ஒன்று டேப்லெட்டில் தங்கிவிடுவதுண்டு. பெயர் சரியாக இருக்கும், திறந்தால் பழுதடைந்த கோப்பு என்ற செய்தி வரும். எனவே பெரிய கோப்புறையை அனுப்பி முடித்ததும் இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

யூஎஸ்பி-சி துளையுள்ள டேப்லெட்டுகள் பெரும்பாலும் பென்டிரைவை நேரடியாக ஏற்கும். ஐபேடிலும் 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் 'கோப்புகள்' செயலியில் பென்டிரைவ் தெரிகிறது. பழைய ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எழுத முடியாது என்பது பாடநூலுக்குத் தடையாகாது, நீண்ட விரிவுரைக் காணொளிக்குத் தடையாகும். எஸ்டி கார்டு போடும் டேப்லெட் என்றால் ஒரு எச்சரிக்கை: கார்டை உள்ளகச் சேமிப்பாக வடிவமைக்கவா என்று டேப்லெட் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவ்வாறு செய்தால் கார்டு அந்த ஒரு டேப்லெட்டுக்கே உரிய முறையில் மறையாக்கம் செய்யப்படும். டேப்லெட் பழுதானால் கார்டை வேறு எதிலும் படிக்க முடியாது.

அன்றாடம் ஒன்றிரண்டு கோப்புகளை அனுப்பக் கம்பியில்லா வழிகள் போதும். ஆப்பிள் கருவிகளுக்குள் ஏர்டிராப் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே குவிக் ஷேர் இருக்கிறது. முன்பு நியர்பை ஷேர் என்ற பெயரில் இருந்தது 2024-இல் இப்பெயர் பெற்றது. இரு தரப்பும் கலந்திருந்தால் லோக்கல்சென்ட் என்ற திறந்தமூலச் செயலி பொருத்தமானது. இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் இணையத்துக்கே போகாமல் கோப்பு நேராகச் சென்றுவிடும். புளூடூத் இந்த வேலைக்கு மிக மெதுவானது.

ஆனால் இவை அனைத்தும் ஒருவழி அனுப்புதல்தான். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பிரதி உருவாகும். குறிப்பெழுதிப் படிக்கும் கோப்புகளுக்கு ஒத்திசைவு வேண்டும், அதாவது ஒரு கருவியில் செய்த மாற்றம் மற்றதிலும் தானாகவே பதிய வேண்டும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் ஆகியவற்றில் எது உங்களிடம் ஏற்கெனவே உள்ளதோ அதுவே போதுமானது. கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். இவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, டேப்லெட்டில் கோப்பின் பெயர் தெரிவதனாலேயே கோப்பு அங்கே இருக்கிறது என்று பொருளில்லை. இணையம் இல்லாத இடத்தில் படிக்க வேண்டுமானால் அந்தக் கோப்பை 'ஆஃப்லைனில் கிடைக்கச் செய்' என்று முன்னரே குறித்திருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் வருத்தமான அனுபவம். இரண்டாவது, டேப்லெட்டில் இணையமின்றி ஒரு கோப்பில் எழுதிவிட்டு, அது மேலேறுவதற்கு முன்பே கணினியிலும் அதே கோப்பில் எழுதினால், சேவை இரண்டையும் இணைக்காது; முரண்பட்ட பிரதி என்று இரண்டாவது கோப்பை உருவாக்கும், அல்லது ஒன்றை மற்றொன்று மேலெழுதிவிடும். ஒரு கருவியில் எழுதி முடித்து, அது மேலேறியதைப் பார்த்த பிறகே மற்றொன்றைத் திறப்பது என்ற வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மேகச் சேமிப்பு வேண்டாம் என்போருக்குச் சிங்க்திங் என்ற திறந்தமூல மென்பொருள், கணினிக்கும் டேப்லெட்டுக்கும் இடையே நேரடியாகக் கோப்புறையை ஒத்திசைக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான அதன் அதிகாரபூர்வச் செயலி 2024 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதிலிருந்து பிரிந்து பிறர் பராமரிக்கும் வடிவத்தைத்தான் இப்போது நிறுவ வேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பாடங்கள் வருவதைத் தவிர்க்க முடியாது. வந்ததை அங்கேயே திறந்து படிக்காமல், உடனே படிப்புக் கோப்புறைக்குள் சேமித்துவிட்டு அங்கிருந்து திறங்கள். பக்கங்களைப் படமெடுத்து நண்பருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலத் தெளிவு அப்படியே இருக்கும், 2 ஜிபி வரை அனுப்பலாம்.

அடுத்தது எழுத்தின் அளவு. இதற்குக் கண்ணையோ செயலியையோ குறை சொல்வதற்கு முன்னால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான பாடக் கோப்புகள் ஏ4 தாளுக்காக அமைக்கப்பட்டவை. அதன் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. பத்து அங்குலத் திரை 16:10 என்ற விகிதத்தில் இருந்தால், நிமிர்த்திப் பிடிக்கும்போது அதன் அகலம் ஏறத்தாழ 135 மில்லிமீட்டர்தான். அதாவது பக்கம் 64 விழுக்காடாகச் சுருங்குகிறது; 12 புள்ளி எழுத்து எட்டுப் புள்ளிக்கும் குறைவாகிவிடுகிறது. அடிக்குறிப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அந்த ஏ4 பக்கத்தில் இருபுறமும் 25 மில்லிமீட்டர் வெற்று ஓரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எழுத்து நிரம்பியுள்ள அகலம் 160 மில்லிமீட்டர்தான். ஓரங்களை வெட்டி அந்த 160-ஐ மட்டும் திரையில் நிரப்பினால் சுருக்கம் 84 விழுக்காடாகிறது. அதே எழுத்து பத்துப் புள்ளியாகத் தெரிகிறது, அச்சிட்ட புத்தகங்களில் நாம் இயல்பாகப் படிக்கும் அளவு அது. ரீட்இரா, லிப்ரெரா, கேஓரீடர் போன்ற ஆண்ட்ராய்டுச் செயலிகளில் ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதி உள்ளது. கோப்பு மாறுவதில்லை, காட்சி மட்டுமே மாறுகிறது. குறிப்பெழுதும் செயலியில் இவ்வசதி இல்லையென்றால், கணினியில் பிரிஸ் போன்ற மென்பொருளால் ஓரங்களை வெட்டிய பின் அனுப்பலாம். ஆனால் ஓரத்தில் கையால் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பக்க ஓரத்தையாவது விட்டுவைக்க வேண்டும்.

மற்றொரு வழி இன்னும் எளியது: டேப்லெட்டைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பிடியுங்கள். அப்போது திரையின் அகலம் 215 மில்லிமீட்டர். ஏ4 பக்கம் சற்றும் சுருங்காமல் முழு அளவில் தெரியும். ஒரே நேரத்தில் பாதிப் பக்கத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் தெரியும் என்பதால், பக்கம் பக்கமாகப் புரட்டும் முறையை விட்டுத் தொடர்ச்சியாக உருட்டும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கணிதம், மின்சுற்று வரைபடம், பெரிய அட்டவணை உள்ள நூல்களை நான் இப்படித்தான் படிக்கச் சொல்வேன். டேப்லெட்டை இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றிருப்போர் அங்குலத்தோடு விகிதத்தையும் பாருங்கள்: 4:3 விகிதத்தில் 11 அங்குலத் திரையின் அகலம் 168 மில்லிமீட்டர்; ஓரம் வெட்டிய ஏ4 பக்கத்தின் அகலம் அதில் நிமிர்ந்த நிலையிலேயே சுருங்காமல் அடங்கிவிடும். காணொளி பார்க்க ஏற்ற நீள்திரை, பக்கம் படிக்க ஏற்றதன்று.

பக்கவாட்டில் இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு, ஒரு பத்தியை மட்டும் திரையகலத்துக்குப் பெரிதாக்கிக் காட்டி, அது முடிந்ததும் அடுத்த பத்திக்குத் தாவும் வசதி கேஓரீடரில் இருக்கிறது. ஏழு, எட்டு அங்குலத் திரைக்கு, பக்கத்தின் சொற்களை வெட்டி மறுவரிசைப்படுத்தும் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற கணினி மென்பொருள் உதவும். அதே நூல் ஈபப் வடிவில் கிடைத்தால் அதையே எடுங்கள். பிடிஎஃப் என்பது 1993-இல் அடோபி வெளியிட்டபோதே அச்சுப் பக்கத்தை எங்கும் மாறாமல் காட்டுவதற்காக உருவானது, ஈபப் திரைக்கேற்ப எழுத்து வளைந்து அமைவதற்காக உருவானது. தொடர்ந்து வாசிக்கும் உரைநடை நூலுக்கு ஈபப், பக்க எண்ணைச் சுட்ட வேண்டியதற்கும் சூத்திரங்களுக்கும் பிடிஎஃப் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகளை அப்படியே அனுப்பாமல், கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். டேப்லெட்டில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் நகர்ந்து, அட்டவணை உடைந்து, சூத்திரங்கள் இடம் மாறிவிடும்.

தமிழ்க் கோப்புகளில் இது இன்னும் மோசமாக நிகழும், தேடல் வேலை செய்யாததற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். அத்தகைய வேர்டு கோப்பு அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டுக்கு வந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். எழுத்துரு நிறுவிய கணினியில் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடும்; அதனால் படிக்க முடியும். ஆனால் நீங்கள் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சிடும் சொல்லைத் தேடினால் அகப்படாது, ஏனெனில் கோப்பில் அந்தச் சொல்லே இல்லை. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தேட வேண்டிய சொல்லை ஏதேனும் எழுத்துரு மாற்றியில் கொடுத்து ஒருங்குறியிலிருந்து பாமினிக்கு மாற்றி, கிடைக்கும் ஆங்கில எழுத்துக் கோவையைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். கோப்பு பாமினியில் ஆனதாக இருந்தால் பல நேரங்களில் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும்.

ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்த கோப்பிலும் தேடல் பொய்க்கும்போதுதான் பலரும் குழம்பிப்போகிறார்கள். 'பொ' என்ற எழுத்து ஒருங்குறியில் 'ப' முதலிலும் உயிர்க்குறி பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் பக்கத்தில் வரையும்போது ஒற்றைக்கொம்பு முன்னால், 'ப' நடுவில், கால் பின்னால் வருகிறது. பிடிஎஃப் உருவாக்கும் சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் இந்த வரிசையிலேயே எழுத்துகளைப் பதிந்துவிடுகின்றன. ஆகவே 'பொருளாதாரம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 'ருளாதார' என்று தேடிப் பாருங்கள், கிடைக்கும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, 'ஐ'காரக் குறி ஆகியவை வரும் எழுத்தைத் தவிர்த்து, சொல்லின் எஞ்சிய பகுதியை மட்டும் தேடுவதுதான் இதற்கு வழி. எந்த வகைக் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது என்பதை அறிய ஒரு சொல்லை நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டிப் பார்த்தால் போதும்: ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு, தமிழ் எழுத்துகள் இடம் மாறி வந்தால் இப்போது சொன்ன வரிசைக் குழப்பம், சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வருடிய (ஸ்கேன் செய்த) படம்.

வருடிய படங்களில் தேடவும் வரியின் மேல் நிறமிடவும், படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணர்தல் தேவை. டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி தமிழை அறியும். அதை உள்ளே கொண்டு இயங்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கணினி மென்பொருள், பக்கத்தின் தோற்றத்தை மாற்றாமல் அடியில் ஓர் எழுத்து அடுக்கைச் சேர்த்துக் கொடுக்கும். பழைய எழுத்துருக் கோப்புகளையும்கூட, ஏற்கெனவே உள்ள அடுக்கைப் புறக்கணித்துப் படமாகவே கருதி மீண்டும் உணரும்படி அதில் கட்டளையிடலாம். 'ர', கால் போன்ற உருவொத்த எழுத்துகள் மாறிப்போகலாம் என்பதால், இந்த அடுக்கைத் தேடுவதற்கு நம்பலாமே தவிர மேற்கோள் காட்ட நம்பக் கூடாது.

நீங்களே வருடும்போது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். அந்த அளவில் ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508 புள்ளிகள். சுருக்காத முழு வண்ணத்தில் 26 எம்பி, கறுப்பு வெள்ளையாக மட்டும் வைத்தால் ஏறத்தாழ 1 எம்பி. அதன் பிறகு சுருக்கம் வேறு நடக்கிறது என்றாலும், எழுத்து மட்டுமே உள்ள நூலை வண்ணத்தில் வருடினால் கோப்பு ஏன் டேப்லெட்டைத் திணறவைக்கிறது என்பதை இந்த வேறுபாடே காட்டிவிடும். பெரிய நூலை இயல்களாகப் பிரித்து வைப்பதும் நன்று. 200 எம்பி கோப்பில் ஒரே ஒரு கோடிட்டாலும் பல ஒத்திசைவுச் சேவைகள் முழுக் கோப்பையும் மீண்டும் மேலேற்றும். இயல் வாரியாக இருந்தால் திறந்த இயல் மட்டுமே போகும்.

இப்போது அடிக்கோடுகள். பிடிஎஃப் 2008 முதல் பன்னாட்டுத் தரம். கோடு, நிறம், கையெழுத்து, ஒட்டுக்குறிப்பு ஆகியவற்றைக் கோப்புக்குள் எப்படி எழுத வேண்டும் என்பதும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. சோடோ, அடோபி அக்ரோபாட், ஃபாக்ஸிட் போன்றவை அந்த முறைப்படி கோப்புக்குள்ளேயே எழுதுகின்றன. அக்கோப்பைக் கணினியில் எந்தப் படிப்பானில் திறந்தாலும் கோடுகள் இருக்கும். வேறு சில செயலிகள் குறிப்புகளைத் தம் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, கோப்பைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. மேற்கோள் நூல்களையும் கட்டுரைகளையும் தொகுத்து வைக்க ஆய்வு மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஜோட்டிரோவும் இவ்வகைதான். ஜோட்டிரோவுக்குள் எல்லாக் கருவிகளிலும் குறிப்புகள் ஒத்திசையும், அதற்கு வெளியே அவை தெரிய வேண்டுமானால் குறிப்புகளோடு ஏற்றுமதி செய்ய வேண்டும். இதில் எந்த முறையும் தவறில்லை. எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

எனவே ஒரு செயலியில் முழு நூலையும் படிக்கத் தொடங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு நிறமிடுங்கள், ஓரத்தில் கையால் ஒரு சொல் எழுதுங்கள், ஓர் ஒட்டுக்குறிப்புச் சேருங்கள். சேமித்து மூடி, அதே கோப்பைக் கணினியில் வேறொரு படிப்பானில் திறந்து பாருங்கள். மூன்றும் தெரிந்து, அவற்றை அங்கே அழிக்கவும் முடிந்தால் அந்தச் செயலியை நம்பலாம். தெரிந்தும் அழிக்க முடியவில்லை என்றால் செயலி அவற்றைப் பக்கத்தோடு ஒட்டித் தட்டையாக்கிவிட்டது என்று பொருள். ஆசிரியரிடம் சமர்ப்பிக்கும் பிரதிக்கு அது நல்லது, படித்துக்கொண்டிருக்கும் பிரதிக்கு ஆகாது. எதுவும் தெரியவில்லை என்றால் ஏற்றுமதி வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குறிப்பில் பக்க எண் எழுதும்போது, செயலி காட்டும் எண்ணை எழுதாமல் பக்கத்தில் அச்சாகியுள்ள எண்ணையே எழுதுங்கள். முன்னுரையும் பொருளடக்கமும் 16 பக்கம் என்றால், செயலியின் 37-ஆம் பக்கம் நூலின் 21-ஆம் பக்கமாக இருக்கும். நூலை இயல்களாகப் பிரித்தால் செயலியின் எண் முற்றிலும் பயனற்றுப்போகும்.

நிறமிடுவது எளிதாகிவிட்டதால் ஒரு தீங்கும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். விரலால் தேய்த்தால் ஒரு பத்தி முழுவதும் மஞ்சளாகிறது, படித்துவிட்டோம் என்ற நிறைவும் வந்துவிடுகிறது. ஜான் டன்லாஸ்கியும் உடனாய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது, அடிக்கோடிடுவதைப் பயன் குறைந்த முறைகளில் சேர்த்தார்கள்; தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும், இடைவெளி விட்டு மீண்டும் படிப்பதையும் பயன் மிகுந்தவையாகக் கண்டார்கள். டேப்லெட் இந்த இரண்டாவது வகைக்கு நன்றாகவே உதவும். திரையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் நூலையும் மறுபுறம் வெற்றுக் குறிப்புப் பக்கத்தையும் வையுங்கள். ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் நூலின் பக்கத்தை மறைத்துவிட்டு, நினைவிலிருந்து நான்கு வரி எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் சேருங்கள். மறுவாரம் திருப்பிப் பார்க்க வேண்டியது அந்த வேறு நிறத்து வரிகளைத்தான். ஒட்டுக்குறிப்புகளை விளக்கமாக எழுதாமல் கேள்வியாக எழுதுவதும் இதே பயனைத் தரும், ஏனெனில் குறிப்புப் பட்டியலைத் திறந்தால் அதுவே ஒரு வினாத்தாளாகிவிடும்.

எல்லாவற்றையும் திரையிலேயே படிக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 54 ஆய்வுகளையும் 1,70,000-க்கும் மேற்பட்ட வாசகர்களையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தகவல் நிறைந்த பாடங்களைப் படிக்கும்போதும், நேரக் கட்டுப்பாடு இருக்கும்போதும் தாளில் படிப்போரின் புரிதல் சற்று மேலாக இருப்பதைக் கண்டது. கதைகளைப் படிப்பதில் அந்த வேறுபாடு இல்லை. திரையில் நாம் விரைந்து மேலோட்டமாகப் படித்துவிடுகிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அறிவிப்புகளை முழுவதுமாக நிறுத்திவைப்பதும், இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்வதும், மேலே சொன்னதுபோல் எழுதிக்கொண்டே படிப்பதும் அந்த விரைவைத் தணிக்கும். மின்மைத் (இ-இங்க்) திரையுள்ள படிப்பான்கள் கண்ணுக்கு இதமானவை, ஆனால் பக்கங்களுக்கிடையே முன்னும் பின்னும் ஓடிப் படிக்க வேண்டிய பாடநூலுக்கு அவற்றின் வேகம் போதாது.

இரண்டு மூன்று பக்கங்களுக்கு நீளும் நிறுவல், எதிரெதிரே வைத்து ஒப்பிட வேண்டிய அட்டவணைகள், தேர்வுக்கு முந்தைய நாள் திருப்பிப் பார்க்கும் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றை நீங்கள் குறித்த கோடுகளோடு தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அடோபி அக்ரோபாட்டின் அச்சிடும் பெட்டியில் 'ஆவணமும் குறிப்புகளும்' என்பது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும்; 'ஆவணம் மட்டும்' என்றிருந்தால் கோடுகள் தாளில் வராது.